ஜமக்காளம் காயும்வரை

புகையை நான் மூக்காலேயே தரம் பிரித்துவிடுவேன். குப்பை எரிகிற புகை, டயர் எரிகிற புகை, பின் தெரு கல்யாண மண்டபத்து விறகடுப்புப் புகை, சுவருக்கு அந்தப் பக்கம் புல் கொளுத்துகிற புகை, எல்லாம் எனக்கு வேறு வேறு. தையல் மெஷினை விட்டு எழுந்திருக்காமலே சொல்லிவிடுவேன். இதில் பெருமை ஒன்றும் இல்லை. மூச்சிரைப்புக்காரரைக் கட்டிக்கொண்டு இருபத்தெட்டு வருஷம் குடித்தனம் பண்ணியவளுக்கு இந்த மூக்கு வராமல் வேறென்ன வரும்?

கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெரு நேராகப் போய் ஒரு சுவரில் முட்டி நிற்கும். சுவருக்கு அப்பால் ராணுவ நிலம். கண்ணுக்கெட்டிய தூரம் புல், நடுநடுவே பனைமரங்கள், தூரத்தில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று காட்ட ஒரு கம்பத்தில் தொங்கும் துணிப் பை. சுவரை ஒட்டிய கடைசி மனை எங்களுடையது. அதைத் தேர்ந்தெடுத்தது அவர்தான். சுவருக்கு அந்தப் பக்கம் எவனும் அடுக்குமாடி கட்ட முடியாது, ஆயுசுக்கும் சுத்தமான காற்று வரும், என் நெஞ்சுக்கு நல்லது என்றார். ஐப்பசியில் குடிவந்தோம். மழை பெய்து எல்லாம் பச்சைப் பசேலென்று இருந்தது. சொன்னபடி காற்றும் வந்தது. மனுஷர் மாடியில் நின்று, ஏதோ அவரே விதை போட்டு வளர்த்த புல் மாதிரி பார்த்துக்கொண்டிருப்பார்.

மாசி மாதம் உண்மை தெரிந்தது. அந்தப் புல் முழுக்கக் காய்ந்து இடுப்பு உயரத்துக்கு நின்றது. ஒருநாள் காலை எட்டரை மணிக்கு வீட்டுக்குள் புகை வந்தது. அன்று அவருக்கு ஏற்கெனவே இரைப்பு, ஆபீஸ் போகாமல் படுத்திருந்தார். உள்ளே வந்த புகையில் அவர் எழுந்து உட்கார்ந்து, கட்டில் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மூச்சுக்குப் போராட ஆரம்பித்தார். எனக்கு எங்கிருந்து கோபம் வந்ததோ. கொல்லைப்புறத்தில் தண்ணீர்த் தொட்டி மூடிமேல் ஏறி நின்று, சுவருக்கு மேலே தலையை நீட்டி, வாய்க்கு வந்தபடி கத்தினேன். ராணுவம் என்றால் என்ன, எங்கள் வீட்டில் மனுஷர் இல்லையா என்று.

அந்தப் பக்கம் ஏழெட்டுப் பேர் கையில் பச்சைக் கிளைகளோடு நின்றிருந்தார்கள். பக்கத்தில் ஒரு தண்ணீர் லாரி. அவர்களில் தலையில் துண்டு கட்டிய ஒருவர், முகமெல்லாம் கரி, சாவகாசமாக நடந்து சுவரடிக்கு வந்தார். ராணுவக்காரர் இல்லை, அங்கே தீயணைப்புப் பிரிவில் வேலை பார்க்கும் நம்ம ஊர் ஆள். நான் கத்தி முடிக்கும்வரை காத்திருந்தார்.

"இன்னாக்கா பண்றது? இப்ப நாங்க கொளுத்தலன்னா கத்திரில அதுவா கொளுத்திக்கும். அப்ப வர்ற பொகைய நீ தாங்க மாட்டே."

நான் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து அவர் இருமுகிற சத்தம் கேட்டது. சாதாரண இருமல் இல்லை, ஓட்டை ஹார்மோனியம் மாதிரி ஒரு சத்தம் அதோடு சேர்ந்து வரும். தீயணைப்புக்காரர் அதைக் கேட்டதும் எங்கள் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு ஆட்களைப் பார்த்துக் கையைக் காட்டினார். அவர்கள் கிளைகளால் அடித்து, தண்ணீர் பீய்ச்சி, அரை மணியில் அந்த இடத்துத் தீயை அணைத்துவிட்டுத் தள்ளிப் போனார்கள்.

மறுநாள் தீயணைப்புக்காரரே சுவரடியில் வந்து கூப்பிட்டார். நிலம் பூராவும் பட்டை பட்டையாகப் பிரித்துத்தான் கொளுத்துகிறோம், எந்தப் பட்டையை என்றைக்குக் கொளுத்துவது என்பது என் கையில்தான் இருக்கிறது என்றார். பிறகு ஒரு யோசனை சொன்னார்.

"பாய்க்கு முடியாத நாள்ல மாடில எதுனா தொங்கவுடு. செவப்பா, பெர்சா. பாத்துட்டு அந்தாண்ட கொளுத்திக்கிறோம்."

வீட்டில் சிவப்பாகவும் பெரிதாகவும் இருந்தது ஒன்றே ஒன்றுதான். என் நிக்காஹுக்கு என்னைப் பெற்ற அத்தா பவானியிலிருந்து வாங்கிவந்த ஜமக்காளம். சிவப்பில் கறுப்புப் பட்டை. பத்துப் பேர் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடலாம், அத்தனை நீளம். அன்றிலிருந்து அவருக்கு நெஞ்சு சரியில்லாத நாளில் விடிந்ததும் மாடிக் கைப்பிடிச் சுவரில் அதை விரித்துப் போடுவது என் வேலையாகிவிட்டது. அவர் என்னைக் கமாண்டர் என்று கூப்பிட ஆரம்பித்ததும் அப்போதுதான். கொடி ஏற்றியாச்சா கமாண்டர் என்பார், மூச்சு வாங்கிக்கொண்டே. உடம்பு இருக்கிற லட்சணத்தில் கிண்டலுக்கு மட்டும் குறைச்சல் இல்லை என்பேன்.

அந்த வருஷங்களை நினைத்தால் இப்போது எனக்கு ஆசையாக இருக்கிறது. புகை பிடித்த வாழ்க்கைக்கு ஆசைப்படுகிறாளே என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். மாசி பங்குனி வந்தால் எங்கள் தெருவே ஒரு ஒழுங்குக்கு வந்துவிடும். பனி காய்ந்தபின் தீ வைப்பார்கள், மதியம் கடல் காற்று எழுவதற்குள் முடித்துவிடுவார்கள். கடல் காற்று வந்துவிட்டால் மொத்தப் புகையும் எங்கள் பக்கம்தான். ஆகையால் எட்டு மணிக்கு முன்னாலேயே எல்லா வீட்டிலும் கொடியில் கிடக்கிற துணி உள்ளே வந்துவிடும். நான் கதவிடுக்கில் ஈரத்துண்டைச் சுருட்டி வைப்பேன். எதிர்வீட்டு டீச்சரம்மா மாடியில் வடகம் பிழிந்திருப்பார்கள், காற்று திசை மாறிவிட்டால் கரித்துகள் வந்து வடகத்தில் உட்காரும். மிளகு வடகம் என்று சொல்லிச் சாப்பிட வேண்டியதுதான் டீச்சர் என்று நான் வம்பிழுப்பேன். ஒரு வாரம் பேச மாட்டார்கள். அப்புறம் அந்த வடகத்தையே பொரித்து ஒரு தட்டில் கொண்டுவந்து கொடுப்பார்கள்.

அவர் நல்லாயிருக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் மாடியில் நின்று பார்ப்போம். காற்றுக்கு எதிர்ப்பக்கமாகத் தீ வைப்பார்கள், அப்போதுதான் அது ஓடாமல் மெதுவாக நகரும். சிவப்புக் கரை போட்ட சேலையை யாரோ தரையில் இழுத்துக்கொண்டு போகிற மாதிரி இருக்கும். பூச்சி பிடிக்கக் கொக்குகள் பின்னாலேயே நடந்து வரும். தீயணைப்புக்காரர் எங்களைப் பார்த்துவிட்டால் துண்டை எடுத்து ஆட்டுவார். இவரும் பதிலுக்கு ஆட்டுவார். எனக்கும் அந்த ஆளுக்கும் யார் மூத்தவர் என்பதே தெரியாது. அவர் என்னை அக்கா என்பார், நான் அவரை அண்ணா என்பேன், அப்படியே ஓடிவிட்டது.

எங்கள் மகளுக்கு நிச்சயம் வைத்த வருஷம்தான் அந்தத் தவறு நடந்தது. மாசி மாதக் கடைசி. மாப்பிள்ளை வீட்டார் நாற்பது பேர் வந்தார்கள். கூடத்தில் ஜமக்காளத்தை விரித்து உட்காரவைத்தோம். தாளிச்சாக் குழம்பை ஒரு ஆள் கவிழ்த்தார், ரோஸ்மில்க்கை ஒரு குழந்தை கவிழ்த்தது. வந்தவர்கள் போனபிறகு ஜமக்காளத்தைப் பார்த்தால் வயிற்றெரிச்சலாக இருந்தது. மறுநாள் காலை கொல்லையில் போட்டு, சோப்புத் தூளைக் கொட்டி, ஏறி நின்று மிதித்தே துவைத்தேன்.

ஈரமான ஜமக்காளத்தின் கனம், அதைத் தூக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அதை ஒற்றை ஆளால் பிழிய முடியாது. அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு நுனியைப் பிடித்தார், நான் மறுநுனியை. அவர் வலப்பக்கம் முறுக்க, நான் இடப்பக்கம் முறுக்க, தண்ணீர் சிவப்பாக ஓடியது. மூச்சு வாங்கப்போகிறது, விடுங்கள் என்றேன். இன்னும் ஒரு முறுக்கு கமாண்டர் என்றவர் சட்டென்று கையை விட்டுவிட்டார். நான் தொப்பென்று தண்ணீரில் உட்கார்ந்தேன். எனக்கு வந்த கோபத்தில் மக்கை எடுத்து வீசினேன். அவர் சிரித்துச் சிரித்து, நிஜமாகவே இரைப்பு வந்து மருந்துப் பம்பு அடித்துக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. பிறகு இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டுபோய் மாடிக் கைப்பிடிச் சுவரில் விரித்துப் போட்டோம். வெயில் படுகிற இடம் அதுதான். காய மூன்று நாள் ஆயிற்று.

அந்த மூன்று நாளும் எங்கள் பக்கம் ஒரு பொட்டுப் புகை வரவில்லை. இந்த வருஷம் புண்ணியவான்கள் நம்மைச் சும்மா விட்டுவிட்டார்கள் என்று நான் சந்தோஷப்பட்டேன். இப்போது சொல்லிக்கொள்ளவே வெட்கமாக இருக்கிறது. எத்தனையோ வருஷமாக என் கையால் விரித்த கொடி அது, எனக்கே அது தோன்றவில்லை. விருந்தாளி வந்துபோனால் ஜமக்காளத்தைத் துவைத்துக் காயப்போடுவது எந்த வீட்டிலும் நடக்கிறதுதானே? என் கண்ணுக்கு அன்று அது கறை போன ஜமக்காளம், அவ்வளவுதான்.

கத்திரி வெயில் தொடங்கி ஒரு வாரம் இருக்கும். வெள்ளிக்கிழமை. அவர் ஜும்ஆ தொழுகை முடித்து வந்து சாப்பிட உட்கார்ந்தார். முதல் கவளம் வாய்க்குப் போகுமுன் எனக்கு மூக்கில் ஏறியது. இது காலையில் வருகிற வெள்ளைப் புகை இல்லை. மஞ்சளும் பழுப்புமாக, கனமாக, தரையோடு தரையாக வந்தது. கொல்லைக் கதவைத் திறந்தால் சுவருக்கு மேலே தீ தெரிந்தது. கொளுத்தாமல் விட்ட எங்கள் பட்டை தானாகப் பற்றிக்கொண்டிருந்தது. கம்பியில் பொறி பறந்ததோ, எவனாவது பீடியைப் போட்டானோ, இன்றுவரை யாருக்கும் தெரியாது. கடல் காற்று அப்போதுதான் எழுந்திருந்தது.

ஜன்னல்களைச் சாத்தினேன். பரண்மேல் இருந்த ஜமக்காளத்தை இழுத்துப்போட்டு நனைத்துப் படுக்கையறை வாசலில் தொங்கவிட்டேன். எதற்கும் புகை நிற்கவில்லை. அவர் உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. பம்பை அழுத்தினால் வெறும் காற்று. அல்லாஹ்வே, இவரை என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளாதே என்று சத்தமாகவே கேட்டேன். ஸ்கூட்டியை வாசலில் இறக்கி, அவரைப் பின்னால் உட்காரவைத்து, என் துப்பட்டாவை நனைத்து அவர் முகத்தில் சுற்றினேன். தெரு தெரியவில்லை. இருபது வருஷம் நடந்த தெரு என்பதால் போய்விட்டேன். முதுகில் அவர் நெஞ்சு மோதுவது எனக்குத் தெரிந்தது. அந்த மோதல் நின்றுவிடுமோ என்பதுதான் என் பயமெல்லாம்.

நிற்கவில்லை. மெயின் ரோட்டு ஆஸ்பத்திரியில் முகமூடி போட்டு மருந்துப் புகையை உள்ளே விட்டார்கள். நல்ல புகையும் உண்டு பார் என்று மறுநாள் அவர் ஜாடை காட்டினார். இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். பிறகு பத்து நாள் கோவளத்தில் என் தங்கை வீட்டில் கொண்டுபோய் வைத்திருந்தேன். காலையில் படகுகள் வந்ததும் மீன் ஏலம் பார்க்கப் போவார், வாங்கவும் தெரியாது, வேடிக்கை பார்க்க மட்டும். தங்கை வீட்டுக்காரர் இங்கேயே இருந்துவிடுங்கள் மச்சான் என்றார். மீன் வாசனைக்கு என் புல் புகையே தேவலை என்றார் இவர்.

ஊர் திரும்பியதும் என் முதல் வேலை தண்ணீர்த் தொட்டிமேல் ஏறியதுதான். தீயணைப்புக்காரரைக் கூப்பிட்டு நிறுத்தி, எங்கள் பட்டையை மட்டும் ஏன் கொளுத்தாமல் விட்டீர்கள், என் வீட்டுக்காரர் செத்துப் பிழைத்திருக்கிறார் தெரியுமா என்று ஆரம்பித்தேன். அவர் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். என்னைப் பார்க்காமல் மாடியைப் பார்த்தார்.

"நீதானக்கா மூணு நாளு ஜமக்காளம் போட்டு வெச்சினு இருந்தே. பாய்க்கு ரொம்ப முடியல போலன்னு நாங்க கிட்டயே வர்ல. நீ எடுத்த அன்னிக்கே, இந்த வருசம் வெயில் ஜாஸ்தி, இனிமே கொளுத்தாதீங்கன்னு ஆர்டர் வந்துடுச்சு."

ஆரம்பித்த சண்டையை நான் பாதியிலேயே விட்டேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எப்பேர்ப்பட்ட விஷயம் என்று புரியும். பிறகு, பாயிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். எனக்கு இன்னாத்துக்குக்கா அது என்று சொல்லிவிட்டுப் போனார். கடைசிவரை சொல்லவும் இல்லை.

நானும் சொல்லவில்லை. எத்தனையோ தடவை வாய்வரை வந்தது. அவர் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு சீப்பு வாழைப்பழத்தில் நல்லதாகப் பார்த்து எனக்கு எடுத்துக்கொடுப்பார், அப்போதெல்லாம் சொல்லிவிடலாமா என்றிருக்கும். உன் கையாலேயே என்னைக் கொல்லப் பார்த்தாயே கமாண்டர் என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டால்கூட நான் தாங்கமாட்டேன் என்று விழுங்கிக்கொள்வேன். அதன்பிறகு வந்த வருஷங்களில் அவர் ஒரு காரியம் செய்தார். கொல்லைப்புறத்தில், சுவர் உயரத்துக்குக் கீழே, தடியாக ஒரு நைலான் கயிறு கட்டினார். பெருநாள் முடிந்து ஜமக்காளம் துவைத்தால் பிழிந்து அதில்தான் போடுவார். மாடிக்குத் தூக்கிக்கொண்டு ஏற முடியவில்லை, முழங்கால் வலிக்கிறது என்பார். வயசாகிவிட்டது என்று நானும் நினைத்தேன்.

போன கார்த்திகையில் அவர் போய்விட்டார். புகை அவரைக் கொண்டுபோகவில்லை. நல்ல மழை நாளில், காற்று கழுவிவிட்ட மாதிரி இருந்த நாளில், மாரடைப்பில் போனார். மழைக்காலத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் நடமாட்டமே இருக்காது. நான் இத்தாவில் இருந்தேன், புருஷனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டைவிட்டு வெளியே போவதில்லை, வெளி ஆண்கள் முன்னால் வருவதும் இல்லை. இந்த வருஷம் மழை சீக்கிரமே நின்று, புல் தையிலேயே காய்ந்து, சுவருக்கு அந்தப் பக்கம் கொளுத்தவும் ஆரம்பித்துவிட்டார்கள். நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கு ஊரிலிருந்தும் கோவளத்திலிருந்தும் எல்லாரும் வந்தார்கள். அதே ஜமக்காளத்தில் உட்கார்ந்து ஓதினார்கள், சாப்பிட்டார்கள், மறுபடியும் தாளிச்சா கொட்டியது.

மறுநாள் மகள் குழந்தையைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தாள். இரும்மா, வந்து பிடிக்கிறேன் என்றாள். எனக்குப் பொறுமை ஏது? நானே துவைத்தேன். பிழிவதற்காக ஒரு நுனியைக் குழாயில் கட்டி மறுநுனியை முறுக்கிப் பார்த்தேன். குழாய் ஆடியதே தவிர ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை. கொல்லையில் அவர் கட்டிய கயிறு மழையில் தளர்ந்து தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது, இழுத்துக் கட்ட ஆள் இல்லை. சொட்டச் சொட்ட அந்தக் கனத்தை இழுத்துக்கொண்டு படியேறினேன். பாதிப் படியில் மூச்சு வாங்க உட்கார்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

நிச்சயத்துக்கு மறுநாள் மறுநுனியைப் பிடித்தவர் அவர். மாடியில் என்னோடு சேர்ந்து விரித்தவரும் அவர். மூன்று நாள் அது அங்கே கிடந்தது அவருக்கும் தெரியும், அந்தப் பட்டை ஏன் எரியவில்லை என்பதை ஒரு நிமிஷத்தில் கணக்குப் போட்டிருப்பார். முழங்கால் வலியாவது, மண்ணாவது. மறுபடி அந்தத் தப்பை நான் செய்துவிடக்கூடாது என்றுதான் கீழே கயிறு கட்டியிருக்கிறார். ஒரு வார்த்தை சொன்னால் எனக்கு மனசு உடைந்துபோகும் என்று, அத்தனை வருஷமும் தெரியாதவர் மாதிரியே இருந்துவிட்டார். பாவி மனுஷா என்று படியிலேயே உட்கார்ந்து அழுதேன். நாற்பது நாளில் நான் வாய்விட்டு அழுதது அன்றைக்குத்தான். பிறகு எழுந்து போய் மாடியில் விரித்துப் போட்டேன்.

அடுத்த நாள் காலை ஒன்பது மணிக்கு வாசல் கேட் தட்டுகிற சத்தம். ஜன்னல் திரைக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். தீயணைப்புக்காரர். தலைத்துண்டுக்கு வெளியே தெரிந்த முடியெல்லாம் நரைத்திருந்தது. ராணுவ நிலத்து வாசலிலிருந்து எங்கள் வீட்டுக்கு வர வேண்டுமென்றால் அத்தனை பெரிய நிலத்தையும் சுற்றிக்கொண்டு வரவேண்டும். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் வந்ததில்லை. யார் என்று கேட்டதும் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"நேத்திலேர்ந்து ஜமக்காளம் போட்டுகீதேக்கா. பாய்க்கு ரொம்ப முடியலியா? பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

எத்தனை பேருக்கு எத்தனை தடவை சொல்லியாகிவிட்டது. இவருக்கு மட்டும் யாரும் சொல்லியிருக்கவில்லை. திரைக்குப் பின்னாலிருந்தே, பாய் மவுத்தாகி நாற்பது நாள் ஆகிவிட்டது அண்ணா என்றேன். அவர் துண்டை அவிழ்த்துக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். இருமல் சத்தம் எங்கிருந்தாவது வருமா என்பது போல வீட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, அப்படியானால் அந்தப் பட்டையைக் கொளுத்திக்கொள்ளட்டுமா என்று, கேட்கவே கூசுகிற மாதிரி கேட்டார்.

"ஜமக்காளம் இன்னும் காயலண்ணா," என்றேன். "ஒத்த ஆளா பிழிய முடியல."

"காயட்டும்கா," என்றார். "அதுவரிக்கும் அந்தாண்ட கொளுத்திக்கிறோம்."

பிழியாத ஜமக்காளம் காய ஐந்து நாள் ஆயிற்று. ஐந்து நாளும் எங்கள் பக்கம் புகை வரவில்லை. ஆறாம் நாள் விடிந்ததும் மடித்துக் கீழே கொண்டுவந்தேன். எட்டரை மணிக்குக் காய்ந்த புல் எரிகிற வாசனை வந்தது. கை தானாக ஈரத்துண்டை எடுத்துச் சுருட்டியது, அவர் அறை ஜன்னலைச் சாத்தப் போனேன். கட்டில் காலியாகக் கிடந்தது. சாத்தாமல் அதன் விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.